கருங்கல் சுவரில் புதுச்சாந்து வைக்கும் முன் எடுக்க வேண்டிய பதிவு

மொரீசியஸில் இடிந்து கிடக்கும் பழைய கரும்பாலைச் சுவரைப் பழுதுபார்க்கும்போது அதன் கட்டுமானம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிவது கொஞ்ச நேரம்தான். கொத்தனார் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்ததிலிருந்து புதுச்சாந்து வைக்கும்வரை. அடைக்கப்பட்ட வாசல், பிற்பாடு ஏற்றிய கல்வரிகள் (கற்களின் கிடை அடுக்குகள்), சாரக்கம்பு செருகிய துளைகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். அவற்றைப் படமாகவும் வரைபடமாகவும் பதிவுசெய்ய வேண்டியதும் அப்போதுதான். அதனால் வேலை அட்டவணையை அலுவலகத்தில் போடாமல், கொத்தனாரோடு சாரத்தடியில் நின்று போடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவே சுரண்டட்டும். நீங்கள் சொல்லும்வரை அங்கே சாந்து போகக் கூடாது. மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். பிறகு புயல் பருவம் வந்துவிடும்.

தேசியப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடமானால், கல்லை அசைக்கும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

முதலில் அளவுப் புள்ளிகள். சாரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள், அது நகரும். சுரண்டப் போகும் சுவரில் ஆணி அடித்தால் அது சாந்தோடு போய்விடும். கட்டடத்துக்கு வெளியே, அசையாத இடத்தில் மூன்று புள்ளிகள் வையுங்கள். ஒன்று போனாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதை மீட்கலாம்.

அடுத்து ஒளிப்படம். ஒன்றுக்கொன்று எழுபது சதவீதமாவது மேற்படியும்படி, சுவருக்கு நேராக நின்று எடுங்கள். ஒவ்வொரு முகத்திலும் டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளந்த குறிகள் குறைந்தது ஐந்து வேண்டும். படங்களைக் கணினியில் இணைக்கும்போது ஒரு குறியை மட்டும் கணக்கில் சேர்க்காமல் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேமரா ஏமாறும். கரிய கல்லைப் பார்த்து அதிக வெளிச்சம் எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுண்ணாம்பு மூட்டுகள் வெளுத்துப்போய் விவரம் அழிந்துவிடும். வெளிச்ச அளவை ஒரு படியில் மூன்றில் இரண்டு பங்கு (−2/3) குறைத்து, ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். மொரீசியஸ் தென்கோளத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் வடக்கு முகத்தில் வெயில் நேராக அடிக்கும்; அதற்கு மேகமான நேரம் பாருங்கள். தெற்கு முகம் நாள் முழுக்க நிழலில் இருப்பதால் தொல்லையில்லை. உளித்தடங்களை மட்டும் இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் பிடித்துத் தனியாக எடுக்க வேண்டும்.

படம் போதும் என்று வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். படத்தை 1:20 அளவில் அச்சிட்டு, மேலே பாலியஸ்டர் தாளை விரித்து, 4எச் பென்சிலால் சுவருக்கு முன் நின்றே கல் கல்லாகத் திருத்துங்கள். கணினித் திரையில் நிழலும் பிளவும் ஒன்றுபோலத் தெரியும். விரல் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். ஒவ்வொரு கட்டுமானக் கட்டத்துக்கும், சாந்துக்கும், சுவரில் பிற்பாடு வெட்டிய இடத்துக்கும் தனி எண் கொடுங்கள். இல்லாததற்கும் எண் உண்டு: உடைந்த விளிம்பு, பிடுங்கிய விட்டத்தின் துளை. எது எதை மூடுகிறது, எது எதை வெட்டுகிறது என்று அன்றே எழுதுங்கள். பிற்பாடு சிமெண்டால் போட்ட ஒட்டுவேலையும் ஒரு கட்டுமானக் கட்டம்தான். போர்ட் லூயிஸில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய 'அப்ரவாசி காட்' (Aapravasi Ghat) வளாகத்தில் முன்பு வைத்த சிமெண்டை அகற்றிச் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஒட்டையும் எண்ணிட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

சாந்து மாதிரியை மூட்டின் மேற்பரப்பில் எடுக்காதீர்கள், அங்கே மழையில் கரைந்திருக்கும். குறைந்தது மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து, உடையாத கட்டியாக ஐம்பது கிராம் எடுங்கள். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. அமிலத் துளி விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்று முடிவு கட்டுவது பழைய தவறு, சிமெண்டும் நுரைக்கும். பத்து மடங்கு லென்ஸில் பவளத் துணுக்கு தெரிந்தால், பவளம் சுட்ட சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதே துணுக்கு கடற்கரை மணலோடும் வந்திருக்கலாம்.

கல்லை இறக்க வேண்டியிருந்தால் வரி எண், கல் எண், மேல்நோக்கிய அம்பு மூன்றையும் மறையும் மேற்பரப்பில் மெழுகுக் கிரேயானால் எழுதுங்கள். சாக்பீஸ் ஒரு மழைக்கே போய்விடும், பெயின்ட் கல்லை விட்டுப் போகாது. ஆலமர வேரைப் பிடித்து இழுத்தால் முகக்கற்கள் கூடவே வரும். முதலில் படம், பிறகு துண்டு துண்டாக வெட்டு.

வேலை முடிந்ததும் அதே வரைபடத்தின் பிரதியில் புதிதாக வைத்த கற்களைக் கோடிட்டுக் காட்டி, சாந்தின் கலவை விகிதத்தையும் தேதியையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.