வால்வு கம்ப்ரசரில் 'தொப்' சத்தம் வருகிறதா?

1950களின் ஃபேர்சைல்ட் 670 பாணியில் வேரி-மியூ கம்ப்ரசர் (வெற்றிடக் குழாய் வால்வுகளின் பெருக்கத்தைக் குறைத்து உரத்த ஒலியை அடக்கும் ஆடியோ கருவி) கட்டுகிறவர்களை அதிகம் படுத்துவது, கம்ப்ரஷன் தொடங்கும்போது கேட்கும் 'தொப்' சத்தம்தான். புஷ்-புல்லில் (எதிரெதிராக வேலை செய்யும் வால்வு ஜோடி) இரண்டு வால்வின் கிரிட்டுக்கும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ஒரே கட்டுப்பாட்டு வோல்டேஜ்தான் போகிறது. வால்வுகள் ஒத்திருந்தால் அதன் விளைவு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒத்திராவிட்டால் மிச்சம் ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

சோதிப்பது எளிது. சைட்-செயினை (கட்டுப்பாட்டு வோல்டேஜை உருவாக்கும் பகுதி) கழற்றிவிட்டு, இன்புட்டை ஷார்ட் செய்யுங்கள். 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை கிரவுண்டிலும் நெகட்டிவைக் கட்டுப்பாட்டு லைனிலும் சட்டென்று தொட்டு எடுத்தால் 'தொப்' எவ்வளவு என்று அவுட்புட்டில் தெரிந்துவிடும்.

ஒத்த வால்வுகளை ஜோடி சேர்க்க, ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் குறுக்கே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்; 10 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லியாம்பியர். ஒரே பயஸில் (கிரிட்டுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ்) அளந்து திருப்தி அடைந்துவிடாதீர்கள் (நான் செய்த தப்பு அதுதான்). பேட்டரிக்குக் குறுக்கே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்து, மூன்று நான்கு வோல்டேஜில் பாருங்கள். ஓய்வில் ஒத்துப்போகும் வால்வுகள் ஆழமான கம்ப்ரஷனில் பிரிந்துபோவது சகஜம்.

அப்புறம், முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடரில் ஒரு 60 வாட் குண்டு பல்பு இருக்கட்டும். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் எங்கோ ஷார்ட். மின்சாரத்தை அணைத்த பிறகும் பவர் சப்ளையின் பில்டர் கெப்பாசிட்டரில் உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும்; அதை வடிக்க அதன் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். 47 மைக்ரோஃபாரட் காலியாகவே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். காத்திருந்து, மீட்டரில் பார்த்துவிட்டே கைவையுங்கள்.