காதுக்குள் ரியூப், வெளியே பனி: சின்னப் பிள்ளையோடு குளிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சின்ன ஒப்பரேஷன்தான், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு மூன்று கிழமையும் பின்னால் இரண்டு கிழமையும் ஒட்டிக்கொண்டு வரும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. மகனுக்கு அப்போது 22 மாதம். மூத்தவள் நாலாம் வகுப்பு. ஒன்ராறியோவில் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கனடிய ஸ்கீ கவுன்சில் 'ஸ்னோபாஸ்' என்று ஒன்று கொடுக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பனிச்சறுக்கு மலையிலும், மேலே ஏற்றிவிடும் லிஃப்றுக்கு மூன்று நாள் ரிக்கற் கிடைக்கும். அதை வாங்கிவிட்டு, ஜனவரி முழுக்கச் சனிக்கிழமைகளில் ஸ்கீக்குப் போவோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். தம்பியின் ஒப்பரேஷனும் அதே ஜனவரியில். இரண்டையும் தனித்தனி விஷயமாக நாட்காட்டியில் எழுதி வைத்ததுதான் எங்கள் முதல் பிழை.

அவனுக்குச் செய்தது காதுக்கு ரியூப் வைக்கும் ஒப்பரேஷன். சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் கட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். தடிமன் வந்தால் அது அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். ஆறு மாதத்தில் மூன்று தடவையோ, ஒரு வருடத்தில் நாலு தடவையோ காதில் கிருமித்தொற்று வந்தாலும், நீர் மூன்று மாதத்துக்கு மேல் வற்றாமல் நின்று கேட்கும் திறன் குறைந்தாலும் ரியூப் வைப்பது பற்றிக் கதைப்பார்கள். செவிப்பறையில் ஒரு சின்ன வெட்டு. அதற்குள் அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு குழாய். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் அது தானாகவே விழுந்துவிடும். எங்கள் மகன் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிடிவாதம் என்று நினைத்து அவனைப் பலமுறை அதட்டியிருக்கிறேன். தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்று கேட்கும் திறன் பரிசோதனை செய்தவர் விளங்கப்படுத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பேச்சு வரப் பிந்துகிறது, சொல் கேட்கிறான் இல்லை என்றால், குணத்தைக் குறை சொல்லுமுன் காதைப் பாருங்கள்.

இனி அந்த ஜனவரி. ஒப்பரேஷனுக்கு ஏழு நாள் இருக்கையில் மூத்தவளை ஸ்கீ பழக்கக் கூட்டிப் போனோம். சனம் நிறைந்த சாப்பாட்டுக் கூடம், எல்லோரும் தொட்ட மேசைகள், மூக்கு ஒழுகும் பிள்ளைகள். திங்கட்கிழமை அவளுக்குத் தொண்டை நோ, புதன்கிழமை அவனுக்குத் தடிமன். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார், மயக்க மருந்து டொக்டரும் வந்து பார்த்தார், நாள் தள்ளிப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் காரணம் விளங்கியது. தடிமன் பிடித்த பிள்ளையின் சுவாசக்குழாய் எதற்கும் சட்டென்று சுருங்கும் நிலையில் இருக்கும். மயக்கத்தில் குரல்வளை இறுகி மூச்சு அடைபடும் அபாயம் அப்போது அதிகம். தடிமன் மாறிவிட்டது போலத் தெரிந்தாலும் சட்டென்று சுருங்கும் அந்த நிலை சில கிழமைகள் நிற்கும்.

ஆகவே ஒப்பரேஷனுக்கு முந்தின இரண்டு மூன்று கிழமைக்கு ஸ்கீ, பிறந்தநாள் விழா, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் குறையுங்கள். மூத்த பிள்ளைக்கு நேர்மையாகக் காரணத்தைச் சொல்லுங்கள். எங்கள் மகள் நாங்கள் நினைத்ததை விட நன்றாகவே விளங்கிக்கொண்டாள். இருமல், சளி, காய்ச்சல் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கள். 'சொன்னால் திகதி போய்விடும்' என்று மறைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டாவது திகதி பெப்ரவரியில் வந்தது, குடும்ப தினத்துக்கு முந்தின கிழமை. முதல் நாள் இரவு அம்மம்மா ஒரு போத்தல் பால் கரைத்து வைத்திருந்தா. "விடிய வெள்ளன ஒரு வாய் குடிச்சால் பிள்ளை அழாது" என்றா. அவவுக்கு அது அன்பு. ஆனால் மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. பொதுவாகத் தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம், பால்மாவுக்கும் பசுப்பாலுக்கும் 6 மணித்தியாலம் இடைவெளி கேட்பார்கள். தண்ணீர், சக்கை இல்லாத அப்பிள் ஜூஸ் போன்ற தெளிந்த நீரை மட்டும் ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை விடுவார்கள். உங்கள் ஆஸ்பத்திரி தந்த தாளில் என்ன நேரம் எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. இதில் பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது: பாலை நீராகாரம் என்று எண்ணுவது. வயிற்றில் பால் திரைந்து கட்டியாகும். அது சாப்பாட்டுக் கணக்கில் வரும். வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

ஒப்பரேஷன் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. கண் விழித்த பிள்ளை என்னை அடையாளம் தெரியாதவன் போலப் பார்த்துக் கத்தினான். முதுகை வில்லாக வளைத்தான், கையில் பிடித்த நேர்ஸை உதைத்தான். வைத்த ரியூப் பிழைத்துவிட்டதோ என்று பதறிப்போனேன். மயக்கம் தெளியும்போது இப்படி வருவது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் சாதாரணம். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும், பிள்ளைக்குப் பிறகு நினைவும் இருக்காது. அந்த நேரத்தில் விளையாட்டுக் காட்டி, பெயர் சொல்லி, உலுக்கி எழுப்பப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒரே தாலாட்டை மெல்லப் பாடுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது அதுதான்.

வீட்டுக்கு வரும்போது காரில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின் சீற்றில் பிள்ளைக்குப் பக்கத்தில். அரைமயக்கத்தில் தலை முன்னால் விழுந்தால் மூச்சு அடைபடும். கன்னத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

இனி மருந்து. இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று வாசியுங்கள். கனடாவில் குழந்தைகளுக்கான ரைலனோல் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் அசெற்றமினோஃபென் இருக்கிறது. பிள்ளைகளுக்கான பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 160, அதாவது ஒரு மில்லிலீற்றருக்கு 32. ஒன்று மற்றதை விட இரண்டரை மடங்கு கடுமை. 12 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் வரை போதும். பாணியில் 5 மில்லிலீற்றர் சரியாக வரும். அதே 5 மில்லிலீற்றரைச் சொட்டு மருந்துப் போத்தலிலிருந்து எடுத்தால் 400 மில்லிகிராம் போய்விடும். ஊரில் 'பனடோல்' என்று பழகிய அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் இரண்டு போத்தலும் ஒன்றுதான். ஒரு போத்தலை மட்டும் வீட்டில் வைத்திருங்கள். கொடுத்த நேரத்தைப் போத்தலிலேயே எழுதுங்கள். 24 மணித்தியாலத்தில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது. கோடீன் கலந்த பழைய மருந்து வீட்டில் கிடந்தால் தொடவே வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஹெல்த் கனடா 2013இலேயே சொல்லிவிட்டது. அஸ்பிரினும் பிள்ளைகளுக்குக் கூடாது. இரவில் சந்தேகம் வந்தால் 811க்கு அழையுங்கள், நேர்ஸ் ஒருவர் கதைப்பார்.

எங்கள் வீடுகளுக்கென்றே இருக்கும் ஒரு பிழையை நான் எழுதாமல் விட முடியாது. காதில் நோ என்றால் உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுவது ஊர்ப்பழக்கம். என் அம்மா எனக்கு விட்டிருக்கிறா. அந்தச் சூட்டின் சுகம் இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் ரியூப் இருக்கும் காதில் செவிப்பறை அடைத்த கதவாக இல்லை. அதில் ஒரு துளை இருக்கிறது. விடும் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போகும். எண்ணெய் முழுக்கு வார்த்தாலும் காதுப் பக்கம் வழிய விடாதீர்கள். வெறும் தண்ணீருக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, பெரும்பாலான பிள்ளைகளுக்கு மழைத்துளியும் குளியலும் பாதகமில்லை. சவர்க்காரம் கலந்த தொட்டித் தண்ணீரில் தலையை அமிழ்த்துவது வேறு. சவர்க்காரம் தண்ணீரை அந்தச் சின்னத் துளைக்குள் இலகுவாக நழுவ விடும். பஞ்சுக்குச்சியும் வேண்டாம்.

சில நாள் காதிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தால் பயப்படாதீர்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் மஞ்சளாகச் சீழ் வடிந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். அப்போது முதலில் தருவது பெரும்பாலும் காதுச் சொட்டு மருந்துதான், வாயால் கொடுக்கும் அன்ரிபயோற்றிக் இல்லை. இந்தச் சொட்டு மருந்தில் நாங்கள் விட்ட பிழை குளிர்காலத்துக்கே உரியது. மருந்துக்கடையிலிருந்து வரும் வழியில் போத்தலைக் காரிலேயே விட்டுவிட்டோம். வெளியே கழித்தல் 14 பாகை. அதை அப்படியே எடுத்து விட்டால் பிள்ளைக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். உறைந்துபோன மருந்தைத் திரும்பப் பாவிக்கலாமா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருந்தது. புதுப் போத்தல் எடுத்தோம். போத்தலை உள்ளங்கைக்குள் சில நிமிஷம் பொத்தி வைத்துச் சூடாக்கி, பிள்ளையைச் சரித்துப் படுக்கவைத்து, மருந்தை விட்டு, காது வாசலில் முன்னால் இருக்கும் சின்ன முடிச்சை நாலைந்து முறை மெல்ல அமத்தி விடுங்கள். அப்போதுதான் மருந்து ரியூப்புக்குள் இறங்கும்.

பத்து நாள் கழித்து, டொக்டர் சரி என்று சொன்ன பிறகு, நாலு பேருமாகக் கொலிங்வுட் பக்கம் புளூ மவுண்டனுக்குப் போனோம். மலை ஏறினால் காது அடைக்குமோ என்று பலர் கேட்டார்கள். ரியூப் இருந்தால் காற்றழுத்தம் இரண்டு பக்கமும் தானாகவே சமமாகும். நீர் தேங்கியிருந்த முந்தின நாட்களில்தான் அது கஷ்டம். என் கவலை முழுக்க நெடுஞ்சாலை 400இல் இருந்தது. ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் காற்று திடீரென்று பனியைக் கொட்டி முன்னால் போகும் காரையே மறைத்துவிடும். குளிர்கால ரயர் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. எனக்கு அது கட்டாயம். போட்டிருந்தால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவும் கேட்கலாம்.

காரில் ஏற்றும்போது தடித்த ஜக்கெற்றோடு கார் சீற்றில் கட்டாதீர்கள். பார்வைக்குப் பட்டி இறுக்கமாக இருக்கும். மோதும்போது உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய கம்பளிச் சட்டையோடு கட்டிவிட்டு, ஜக்கெற்றை முன்பக்கமாகத் திருப்பிப் போர்த்துங்கள்.

மலையில் அவனை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு தகப்பன் ஸ்கீ ஓடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. விழாத ஸ்கீகாரர் இல்லை, விழுந்தால் அவருடைய பாரமும் வேகமும் பிள்ளையின் தலையில் இறங்கும். முதுகில் அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு ஓடுபவருக்கு வரும் சூடும் வராது. காற்றுக்குளிர், அதாவது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர், கழித்தல் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்று கனடிய வானிலை நிலையம் எச்சரிக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு 'கன்னம் விறைக்குது' என்று சொல்லத் தெரியாது. அவ்வளவு குளிர் இல்லாத நாளிலும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே கொண்டுவந்து கன்னத்தையும் விரலையும் தொட்டுப் பாருங்கள்.

மூத்தவளுக்கு நாங்கள் விட்ட பிழை மேசில். குளிர் என்று இரண்டு சோடி பருத்தி மேசு போட்டு அனுப்பினோம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு சோடி சப்பாத்துக்குள் இறுகி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மதியத்துக்குள் கால்விரல் வெளிறிவிட்டது. மெல்லிய கம்பளி மேசு ஒரு சோடி போதும். கழுத்துக்குச் சால்வை வேண்டாம், அது லிஃப்றில் சிக்கும். கழுத்தை மூடும் வளையத் துணி போடுங்கள். ஹெல்மெற்றுக்கு அடியில் தடித்த கம்பளித் தொப்பி போட்டால் ஹெல்மெற் சரியாக உட்காராது.

மகள் பழகும் மேட்டின் அடிவாரத்தில், ஆள் குறைந்த ஒரு ஓரத்தில் அவனை இறக்கி விட்டேன். இரவு பெய்த பனி இறுகிக் கிடந்தது. ஓரடி வைத்தான். நின்றான். குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். இன்னோரடி வைத்தான், மறுபடியும் நின்று பார்த்தான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன்: பனி நொறுங்கும் சத்தம். அவன் பிறந்து இரண்டு குளிர்காலம் வந்து போயிருக்கிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அம்மா, நொறுக்" என்றான்.