இடி விழுந்த வீடு: 1613-ஆம் ஆண்டுத் துண்டுநூலை வாசிக்கும் முறை

ஜான் ஹிட்செல் ஒரு தச்சர். ஊர் இங்கிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். மாவட்டம் அன்றைக்கு ஹாம்ப்ஷயர், இன்றைக்கு டார்செட். 1613 ஜூன் 26 இரவு வீட்டில் இடி விழுந்து, படுக்கையிலேயே அவரும் குழந்தையும் இறந்தார்கள். அவர் உடல் மூன்று நாள் தீ தெரியாமல் புகைந்து சாம்பலானதாக ஒரு பாதிரியார் அச்சிட்டார். இப்படி ஒரு நூல் கையில் கிடைத்தால், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம்.

முதலில் தேதி. இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில்தான் இருந்தது. இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற, 1600-களின் தேதியோடு 10 நாள் கூட்டுங்கள். ஜூன் 26 ஜூலை 6 ஆகும். புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு ஆண்டையும் ஒன்று கூட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கிழமையையும் கணக்கிடுங்கள்: அந்த நாள் சனிக்கிழமை.

அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும். 'யு'வும் 'வி'யும் இடம் மாறும். பெயர்களைப் படியெடுக்கும்போது கவனம்.

அடுத்து, நகலில் இரண்டு நிறத்தால் கோடிடுங்கள். கண்டது ஒரு நிறம், கடவுளின் தண்டனை என்ற விளக்கம் இன்னொன்று. மாமியார் கன்னத்தில் அடி விழுந்து விழித்தார், மனைவிக்கு ஒரு பக்கம் மட்டும் வெந்தது: இவை கண்டவை. ஒரே அறையில் ஒருவர் சாக, மற்றவர் பிழைப்பது மின்னலில் சகஜம். மின்சாரம் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஆளுக்கொரு வழியில் தாவும்.

மூன்று நாள் புகைச்சல்தான் கடினமான இடம். மின்னலின் பாதை சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும், ஆனால் நொடியில் சிறு பகுதிதான் நீடிக்கும். அது இதயத்தை நிறுத்திக் கொல்லும், தோலைக் கருக்கும், உடலைச் சாம்பலாக்காது. அதனால் சாவையும் எரிதலையும் தனித்தனியாக ஆராயுங்கள். துணியில் பற்றிய நெருப்பில் உடல் கொழுப்பு உருகி, துணியே விளக்குத்திரியாகிவிட்டால், பெரிய சுடரில்லாமல் பல மணி நேரம் எரியும். 'தீ தெரியவில்லை, புகை மட்டும்' என்ற வரி இதற்குப் பொருந்துகிறது. மூன்று நாள் என்ற கணக்கை மட்டும் ஐயத்தோடு குறித்துவையுங்கள்.

கடைசியாகப் பங்கின் அடக்கப் பதிவேடு. 1538 முதல் இவற்றை எழுதி வைக்க ஆணை உண்டு. எல்லாம் மிஞ்சவில்லை, மிஞ்சியதில் பெயரும் நாளும் ஒத்துப்போனால், ஆள் இருந்தார், இறந்தார் என்பது வரை உறுதி.