பாங்காக்கில் மூன்று நாள்: விடுதி பிடிப்பதற்கு முன்

போன மாதம் என் அக்கா மகன் தன் பாங்காக் பயணத் திட்டத்தை அனுப்பி, "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், மாமா" என்றான். மூன்று இரவு, அவன், மனைவி, குழந்தை, கூடவே அக்கா. படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2013-ல் நான் போட்ட அதே திட்டம். அதே வரிசை, அதே அவசரம், விடுதிகூட ஏறக்குறைய அதே பகுதியில். என் பழைய நோட்டுப் புத்தகம் எப்படியோ அவன் கைக்குப் போய்விட்டதோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, ரத்தினக் கடைக்குப் போகலாம்" என்று அழைக்கும் துக்-துக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநரை நம்பாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துக்-துக்கில் ஏறுகிறவருக்கு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இறங்கும் நாளை முழு நாளாக எண்ணுவது

சென்னையில் நள்ளிரவை ஒட்டி விமானம் ஏறினால் விடியற்காலையில் பாங்காக்கில் இருக்கலாம். சௌகரியம்தான். ஆனால் தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தூங்க வேண்டிய இரவில் அவ்வளவும் வானத்திலேயே கழன்றுவிடும். விடுதி அறையோ பிற்பகல் 2 மணிக்கு முன் கிடைப்பது அரிது. அக்கா மகன் அன்று காலை 9 மணிக்கே அரண்மனை என்று எழுதியிருந்தான். அவனுக்கு 30 வயது, நடந்துவிடுவான். அக்காவுக்கு 61. பெட்டிகளை விடுதி வரவேற்பில் வைத்துவிட்டு, ஆற்றுப் படகில் ஏறிக் காற்று வாங்குங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

எந்த விமான நிலையம் என்று பார்க்காதது

டிக்கெட்டில் பி.கே.கே. என்றிருந்தால் சுவர்ணபூமி, டி.எம்.கே. என்றிருந்தால் டான் முவாங். ஒன்று ஊருக்குக் கிழக்கே, மற்றது வடக்கே. போகும்போது ஒன்றில் இறங்கித் திரும்பும்போது இன்னொன்றில் ஏறுகிறவர்களும் உண்டு.

விடுதியை விலையும் முகவரியும் பார்த்துப் பிடிப்பது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2013-ல் நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, எட்டு வயது மகள், மாமியார். இணையத்தில் ஒரு விடுதி அகப்பட்டது. நகர நடுவில் இருந்தவற்றைவிட ஓர் இரவுக்கு 500 பாட் குறைவு. முகவரியில் 'சுகும்வித்' என்று இருந்தது. ஊரின் பெரிய சாலை அது என்று எங்கோ படித்திருந்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. அந்தச் சாலை பாங்காக்கில் தொடங்கிக் கடலோர மாகாணங்கள் வழியாகக் கம்போடிய எல்லையை ஒட்டிய திராத் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சுகும்வித்தில் விடுதி என்பது ஜி.எஸ்.டி. சாலையில் வீடு என்பதைப் போல. கிண்டியிலா, திண்டிவனத்திலா?

விடுதியின் விளம்பரத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்'. நானும் லேசுப்பட்டவன் இல்லை, வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நேர்க்கோட்டில் 700 மீட்டர். பணம் கட்டிவிட்டேன்.

பாங்காக்கில் நேர்க்கோட்டுக்கு மதிப்பே கிடையாது. பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெருவுக்கு அங்கே 'சோய்' என்று பெயர். சோய்களுக்கு எண் உண்டு: சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் எண் ஏறுவதில்லை. தோங் லோ என்ற பெயரும் உடைய 55ஆம் சோய்க்கு ஏறக்குறைய எதிரே இருப்பது 38ஆம் சோய். எண்ணை நம்பி எதிர்ச்சாரியில் அரை மணி நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு திரிந்தவன் சொல்கிறேன். இதைவிட மோசமான சங்கதி, பல சோய்கள் முட்டுச்சந்துகள். வயலும் வாய்க்காலுமாக இருந்த நிலத்தை ஒவ்வொருவராக மனை பிரித்தபோது அவரவர் தம் இடத்துக்கு மட்டும் வழி விட்டுக்கொண்டார்கள். ஒரு சோயிலிருந்து பக்கத்துச் சோய்க்குக் குறுக்கே போக வழி இருக்காது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவும் பெரிய சாலைக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். என் 700 மீட்டர் தரையில் 2 கிலோமீட்டரைத் தாண்டியது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் சிரமமில்லை. சோய் முனையில் ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். பின்னால் ஏறிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் வாசல். மாமியாரோ ஒன்பது கெஜம் இல்லாவிட்டாலும் ஆறு கெஜத்தில் இருந்தார். அந்தப் பின்னிருக்கையை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். விளம்பரத்தின் '5 நிமிடம்' விடுதியின் இலவச துக்-துக்குக்கு உரியது என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு விளக்கினார். அது மணிக்கு ஒருமுறை. மாலை 6 மணிக்குமேல் இல்லை.

ஆகவே டாக்ஸி. மீட்டர் 35 பாட்டில்தான் தொடங்குகிறது, மலிவுதான். ஆனால் மாலை நெரிசலில் சோய்க்குள் வரவே டாக்ஸிக்காரர்கள் மறுத்தார்கள், அல்லது மீட்டரை மறந்துவிட்டு இருமடங்கு கேட்டார்கள். விடுதியில் மிச்சம் பிடித்தது மூன்று இரவுக்கு 1,500 பாட். டாக்ஸிக்குப் போனது 1,900. இந்த 400 பாட் எனக்குப் பெரிதில்லை.

மூன்றாம் நாள் மதியம் மாமியாருக்குக் களைப்பு. நகர நடுவில் இருந்திருந்தால் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வந்திருக்கலாம். நாங்கள் போய்வரவே இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அரண்மனை வாசலில் டாக்ஸி நின்றபோது மணி 3.40. டிக்கெட் கொடுப்பது 3.30-க்கே முடிந்துவிடும். மறுநாள் காலையில் கொட்டிய மழையில் சோயே வாய்க்காலாகிவிட்டது, பிற்பகலில் விமானம். மாமியார் பாங்காக் வந்ததே அரண்மனை வளாகக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரைப் பார்க்கத்தான். சிலை பச்சை ஜேட் கல்லில் செதுக்கியது, பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை அரசரே பொன்னாடை மாற்றுவார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லியிருந்தாராம். இன்றும் வீட்டில் பாங்காக் பேச்சு எழுந்தால் மாமியார் கோபமே இல்லாமல், "அந்த வாசல் வரைக்கும் போனோமே" என்பார். அதற்குக் கோபப்பட்டிருக்கலாம்.

இப்போது நான் விடுதி தேடும் முறை இது. விடுதியின் பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் ரயில் நிலையம். கைபேசி வரைபடத்தில் நிலைய வாயிலிலிருந்து விடுதி வாசலுக்கு 'நடை' என்று போட்டு வழி கேட்கிறேன். 10 நிமிடத்துக்குமேல் காட்டினால் தங்கத்தட்டில் சோறு போட்டாலும் வேண்டாம். அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் சென்னைக்குச் சளைத்தவை அல்ல.

எல்லா நிலையமும் ஒன்றல்ல. 1999-ல் வந்த வான்ரயிலும் 2004-ல் வந்த சுரங்க ரயிலும் தனித்தனி, டிக்கெட்டும் தனித்தனி. அசோக், சாலா தேங் ஆகிய வான்ரயில் நிலையங்களில் சுரங்க ரயிலுக்கு மாறலாம். சபான் தாக்சினில் இறங்கினால் நிலையத்தின் காலடியிலேயே படகுத்துறை. அங்கிருந்து கோயில்களுக்கும் அரண்மனைக்கும் ஆற்றோடு போகலாம், போக்குவரத்து விளக்கு கிடையாது. 2019-ல் சனாம் சாய் நிலையம் திறந்தபின் பழைய நகருக்கே சுரங்க ரயில் போகிறது. 2013-ல் அது இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு.

வயதானவர்களோடு போவதென்றால் என் ஓட்டு சுரசக், சபான் தாக்சின் நிலையங்களைச் சுற்றிய பகுதிக்கு. ஆறு பக்கம். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் நடக்கும் தூரம். தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

காவ் சான் சாலையில் தங்குவது

மலிவு விடுதி தேடும் இளம் பயணிகள் கூடும் தெரு அது. பக்கத்தில் ரயில் இல்லை. இரவில் தூக்கமும் இல்லை.

அரண்மனையைப் பிற்பகலுக்குத் தள்ளுவது

மேலே சொன்னதே போதும். காலை 8.30-க்குத் திறக்கிறார்கள். முடித்துக்கொண்டு நடந்தே வாட் போ கோயிலுக்குப் போய் 46 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தரைப் பாருங்கள், தா தியென் துறையில் அக்கரைப் படகேறி வாட் அருணில் இறங்குங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவுதான்.

சைவம் என்று மட்டும் சொல்வது

கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். அவர்கள் கணக்கில் அது உப்பைப் போல. சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளைத் தேடுங்கள். அங்கே வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. அக்காவுக்கு ஏகாதசிச் சமையல் போலவே இருக்கும் என்று எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை இரவு யாவ்ராத்

சீனர் தெருவின் நடைபாதைக் கடைகள் பல அன்று விடுமுறை. சதுசக் சந்தைக்கோ சனி, ஞாயிறுதான் களை.

வருகை அட்டைக்குப் பணம் கட்டுவது

2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

பெரிய ஊஞ்சலைத் தாண்டிப் போவது

வாட் சுதாத் கோயிலுக்கு முன்னால் செக்கச்செவேல் என்று ஓர் உயரமான மரச்சட்டம் நிற்கும். அதில் ஊஞ்சலாடுவது 1935-லேயே நின்றுவிட்டது. எதிரே உள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை மாதங்களை ஒட்டி நடத்தும் சடங்கின் பெயர் திரியம்பாவை, திரிபாவை. திருவெம்பாவையும் திருப்பாவையும் கடல் தாண்டி உச்சரிப்பு மாறிப் போய்ச் சேர்ந்த இடம் அது. சாம் யோத் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். முதல் பயணத்தில் நான் அதை டாக்ஸி ஜன்னலில் பார்த்துவிட்டு, ஏதோ கட்டுமான வேலை என்று மகளிடம் சொன்னேன்.

அக்கா மகன் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் திருத்திய திட்டத்தை நேற்று அனுப்பினான். விடுதி சுரசக் நிலையத்திலிருந்து 4 நிமிட நடை. அரண்மனை காலை 8.30. கடைசி நாளில் மட்டும், தென்மேற்கே 100 கிலோமீட்டர் போய் தாம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை, அது முடிந்து பாங்காக்குக்கு வடக்கே 80 கிலோமீட்டரில் உள்ள அயுத்தயா, இரவு விமானம் என்று போட்டிருக்கிறான். அக்காவிடம் முதலில் பேசிவிட்டுப் பிறகு அவனுக்குப் பதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.