மழைக்கும் வெயிலுக்கும் பயந்து பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தாதீர்கள்: பள்ளியிலும் வீட்டிலும் செய்யும் தவறுகள்

வானம் கொஞ்சம் இருட்டினாலே போதும், "யாரும் கிரவுண்டுக்குப் போகக் கூடாது" என்று சொல்லிவிடுகிறோம். பள்ளி திறக்கும் ஜூனில் வெயில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பருவமழை, நடுவில் பரீட்சை. இதையெல்லாம் கழித்தால் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வெளியே ஓடி ஆட எத்தனை நாள் மிஞ்சும்?

முதல் தவறு, நனைந்தால் சளி பிடிக்கும் என்ற பயம். சளியைக் கொண்டுவருவது வைரஸ். மழை என்று ஜன்னலையும் சாத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் நெருக்கி உட்கார வைக்கும்போதுதான் ஒரு பிள்ளையின் தும்மல் பத்துப் பேருக்குப் பரவுகிறது. தூறலில் பாண்டி ஆடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஈரத்துணியோடு மணிக்கணக்கில் உட்கார விடாதீர்கள், பையில் ஒரு துண்டும் மாற்று உடையும் இருக்கட்டும். வீசிங் உள்ள பிள்ளைக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் தப்பு வேறு மாதிரி: விளையாட்டு பீரியடைக் கொண்டுபோய் மத்தியானத்தில் வைப்பது. காலையில் முதல் பீரியடாகவோ சாயங்காலம் கடைசியாகவோ மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வேப்பமர நிழல், தொப்பி, நடுநடுவே தண்ணீர். கேரளப் பள்ளிகளில் 2019-லேயே தண்ணீர் குடிப்பதற்கென்று தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள், அதை எந்தப் பள்ளியும் செலவில்லாமல் செய்யலாம். இரும்புச் சறுக்குமரத்தை நீங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளையை ஏற்றுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி என்றால் உடனே நிழல், தண்ணீர், உடம்பில் ஈரத்துணி, அதிலும் தேறாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

வெளியே விடாமல் இருப்பதில் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்குக் கண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு இது. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, கிட்டப்பார்வைக்குக் காரணமாக கண்விழி தேவைக்கு மேல் நீள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். மேகமூட்டமான நாளிலும், மரநிழலிலும்கூட, டியூப்லைட் போட்ட வகுப்பறையைவிட வெளியே வெளிச்சம் பல மடங்கு அதிகம், அதனால் இதற்காகச் சுட்டெரிக்கும் வெயிலில் நிற்க வேண்டியதே இல்லை.

சரி, எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: ஹோம்வொர்க் முடிக்காத பிள்ளைக்கு விளையாட்டைப் பிடுங்குவது, பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வது. உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை, அதையே தண்டனையாக நிறுத்தினால் அடுத்த பீரியடில் இன்னும்தான் நெளியும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வரிசையில் நிற்க வைத்து டிரில் செய்ய வைப்பது மட்டும் போதாது. கல்லா மண்ணா ஆடும்போது யார் அவுட் என்று தாங்களே சண்டை போட்டுத் தாங்களே தீர்த்துக்கொள்கிறார்களே, அதற்கும் நேரம் விடுங்கள்.

இன்னொரு பக்கம், எந்த வானிலையிலும் விளையாடலாம் என்றால் எதையும் பார்க்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், திறந்த சாக்கடை மறைந்திருக்கலாம், அறுந்த மின்கம்பி கிடக்கலாம், அந்தப் பக்கம் விடவே கூடாது. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே எல்லோரும் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனதும் திரும்ப அனுப்புங்கள், தரை ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை.