முன் ஆக்சில் ஒழுகலை வீட்டிலேயே சரிசெய்த அனுபவம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பிரித்துக் கட்டியதில் அதிக நேரம் வாங்கியது முன் ஆக்சில்தான். சேஸிஸில் துருவைச் சுரண்டித் தகடு வெல்டிங் செய்ததெல்லாம் அலுப்பான வேலை, அவ்வளவுதான்.

முன் சக்கரங்களுக்குப் பின்னால், சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டே இருந்தது. பிரித்தால், உள்ளே கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் கஞ்சி மாதிரி நீர்த்திருந்தது. கியர் ஆயில் வாடை வேறு. ஆக்சில் குழாயின் உள் சீல் (ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய், டிஃபரென்ஷியல் (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. வெளி சீலை மட்டும் மாற்றினால் இது நிற்காது.

புது சீல் போடுமுன், ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவினேன். பள்ளம் இல்லை, நல்லது. அப்புறம் பிரீதர் குழாயை ஊதினேன். காற்றே போகவில்லை, சேறு அடைத்திருந்தது. ஓட்டத்தில் ஆக்சில் சூடாகி உள்ளே அழுத்தம் கூடும்போது, வெளியேற வழியில்லாவிட்டால் அது ஆயிலைச் சீல் வழியாகத்தான் தள்ளும். சீல் மாற்றுகிற எல்லோரும் இதை முதலில் பாருங்கள்.

நக்கிள் திரும்பும் அச்சைத் தாங்கும் கீழ் கிங்பின் பேரிங்கின் கப்பில் (வெளி வளையத்தில்) உருளைகள் பதிந்த கோடுகள் தெரிந்தன. ஸ்டியரிங் உதறலுக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் பேரிங்குகளை மாற்றினேன். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்துப் பார்த்து, மேனுவலில் சொன்ன இறுக்கம் வரும்வரை ஷிம்களை (மெல்லிய தகடுகளை) மாற்றி மாற்றி வைத்தேன். இதைக் கைக்கணக்கில் விடவே கூடாது.

ஆக்சில் இப்போது காய்ந்திருக்கிறது, உதறலும் இல்லை. அடுத்து, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்.