மேட்டுப்பாளையம் – கோவை பாஸஞ்சர்: புதிதாக ஏறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூருக்கு மெட்ரோ வருமா, வராதா என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்று சொல்லி மத்திய அரசு 2025-ல் திட்டத்தைத் திருப்பி அனுப்பியதும் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. அது வரும்போது வரட்டும். காரமடையிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் துடியலூரிலும் இருந்துகொண்டு தினமும் மேட்டுப்பாளையம் ரோட்டு நெரிசலில் பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தண்டவாளம் ஓடுகிறது. 1873-ல் போட்டது. அதில் எப்படிப் போய் வருவது என்று, இதுவரை ஏறாதவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எங்கே இறங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் ஏறும் ஸ்டேஷனைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆனால் நேரம் மிச்சமாவதும் வீணாவதும் இறங்கும் இடத்தில்தான். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் வண்டி காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் தாண்டி முதலில் கோயம்புத்தூர் நார்த்துக்கு வரும். அதற்கு அடுத்ததுதான் ஜங்ஷன். மொத்தம் 36 கிலோமீட்டர் அளவுதான். வண்டி ஒழுங்காகப் போனால் முக்கால் மணி நேரம், சற்றுக் கூடக்குறைய ஆகும்.

சாயிபாபா காலனி, காந்திபுரம் பக்கம் வேலை என்றால் நார்த்திலேயே இறங்கிவிடுங்கள். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி, டவுன்ஹால் போகிறவர்களுக்கு ஜங்ஷன். தெரியாமல் ஜங்ஷன் வரை போய், அங்கிருந்து காந்திபுரத்துக்கு டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வருகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். அதற்குப் பேசாமல் பஸ்ஸிலேயே வந்திருக்கலாம்.

2. டிக்கெட்: பத்து ரூபாயா, நாற்பத்தைந்து ரூபாயா?

இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். தூரம் ஒன்றுதான், ஆனால் வண்டியின் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறும். பாஸஞ்சருக்கும், மெமு எனப்படும் குறைந்த தூர மின்சார வண்டிகளுக்கும் சாதாரணக் கட்டணம். குறைந்தபட்சம் 10 ரூபாய், மேட்டுப்பாளையத்திலிருந்து ஜங்ஷன் வரைக்குமே அதுதான். கொரோனாவுக்குப் பிறகு இந்த வண்டிகளிலும் 30 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024-ல்தான் பழையபடி பத்துக்கு இறங்கியது. எக்ஸ்பிரஸுக்கு இன்னமும் குறைந்தபட்சம் 30. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேல் 15.

வண்டி எந்த வகை என்பதை எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்து இலக்கத்தில் முதல் எண் 5 என்றால் பாஸஞ்சர், 6 என்றால் மெமு. 12, 22 என்று ஆரம்பித்தால் சூப்பர்ஃபாஸ்ட். இதே பாதையில் சென்னைக்குப் போய்வரும் நீலகிரி எக்ஸ்பிரஸின் எண்கள் 12671, 12672. பத்து ரூபாய் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதில் ஏறிவிடாதீர்கள். செக்கரிடம் மாட்டினால் கட்டணத்தோடு அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய்.

கவுண்டரில் காலை நேரம் வரிசை நீளும். போனில் ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பை இறக்கிவைத்துக்கொண்டு, அதிலுள்ள ஆர்-வாலட் என்ற பணப்பையில் கொஞ்சம் பணம் போட்டுவைத்தால் நிம்மதி. முன்பதிவில்லா டிக்கெட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வண்டி வகை கேட்கும் இடத்தில் ‘ஆர்டினரி’ என்று கொடுங்கள். வீட்டில் கிளம்பும்போதே எடுத்துவிடுவது நல்லது. பிளாட்ஃபாரத்துக்கு வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். ஓடும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு எடுக்க விடாது. ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். அதனால் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் எடுங்கள்

ஒரு வாரம் தனி டிக்கெட்டிலேயே போய்ப் பாருங்கள். வண்டி நேரமும் உங்கள் வேலை நேரமும் ஒத்துப்போனால் அப்புறம் சீசன். மாதச் சீசன் உண்டு. மூன்று மாதத்துக்கும் உண்டு, அதற்கு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்கு. கவுண்டரில் எடுக்கப் போட்டோவும் அடையாள அட்டை நகலும் கொண்டுபோங்கள். ஆப்பில் எடுத்தால் மறுநாளிலிருந்துதான் செல்லும். முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம்.

சீசன் இருக்கிறதென்று ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக்கூடாது. சூப்பர்ஃபாஸ்டில் போக வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். காலேஜ் போகும் பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையும், பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். பள்ளி, கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் கவுண்டரில் கொடுப்பார்கள்.

4. ஏறுவதும் இறங்குவதும்

மெமுவில் ரிசர்வேஷன் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்காரலாம். பெண்களுக்குத் தனிப்பெட்டி இருக்கிறது. வெளியே எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். காலை வண்டியில் காரமடையிலேயே பெரும்பாலும் சீட்டு நிரம்பிவிடும். துடியலூர்க்காரர்களுக்கு நிற்கத்தான் இடம்.

நார்த்தில் இறங்குகிறவர்கள் துடியலூர் தாண்டியதுமே கதவுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. வாசலை அடைத்து ஒரு கறிவேப்பிலைக் கட்டு, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஓர் அம்மா இருப்பார். “ஏனுங் கண்ணு, நார்த்துல எறங்கோணுங்களா? அப்பறம் ஏன் உள்ளயே நின்னுட்டிருக்கறீங்க?” என்று அவரே வழிவிடுவார்.

இது ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி பிந்தினால் எதிரே வருவதும் பிந்தும். அதனால் கிளம்பும்போதே ரயில்வே விசாரணை எண் 139-க்கு அழைத்தோ, ரயில்வேயின் என்டிஇஎஸ் ஆப்பிலோ வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்றால் ஓடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு

நீங்களும் இதே முறையில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். சோமனூர், இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு வழியாக வந்து நார்த்தில் சேர்வீர்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கேரளா போகும் வண்டிகளில் சில கோவை ஜங்ஷனுக்குள் வராது. இருகூரிலிருந்து போத்தனூருக்கு நேராக ஒரு பாதை பிரிகிறது. சில எக்ஸ்பிரஸ்கள் அதில் போய்விடும். ஏறும் முன் ‘கோயம்புத்தூர் ஜங்ஷன் போகுமுங்களா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏறிவிட்டீர்களென்றால் போத்தனூரில் இறங்கி உக்கடம் வழியாக வரும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

6. சாயங்காலம்

திரும்பும்போது சீட்டு வேண்டுமானால் நார்த்தில் காத்திருக்காமல் ஜங்ஷனுக்கே போய் ஏறுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போனில் குறித்துவையுங்கள். டவுன் பஸ் மாதிரி பத்து நிமிடத்தில் இன்னொன்று வராது. ஆபீஸில் தாமதமாகி அதையும் விட்டுவிட்டால், மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். மேட்டுப்பாளையம் பஸ்ஸும் ஊட்டி பஸ்ஸும் அங்கிருந்துதான் கிளம்பும். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் போகிறவர்கள் ஊட்டி பஸ்ஸில் ஏறும் முன், உங்கள் ஸ்டாப்பில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.